ஏரியா பாதையைத் தாக்குகிறது?

இருப்புப்பாதைத் துறையின் அலுவலகங்களில் ஒரு பதிவேடு உண்டு. பருவமழைக்கு முன்பு ஆண்டுதோறும் அதனை எடுத்துப் புரட்டுவர். மாநில அரசின் நீர்வளப் பொறியாளர்களையும் உடன் அழைத்துக்கொண்டு, அதில் எழுதப்பெற்றுள்ள ஏரிகளையும் குளங்களையும் நேரில் சென்று பார்வையிடுவர். கரை வலிவாக உள்ளதா, கலிங்கு அடைபடாமல் உள்ளதா, மடை ஒழுகுகின்றதா என்று குறித்துக்கொள்வர். செய்யத்தக்க நற்பணியே அது. அதன்கண் நமக்கு மறுப்பில்லை. நம் மறுப்பெல்லாம் அப்பதிவேட்டின் பெயரைப் பற்றியது. ஆங்கிலத்தில் அதற்கு இட்டிருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால், 'இருப்புப்பாதையைத் தாக்கும் ஏரிகள்' என்று வரும்.

எது எதனைத் தாக்குகிறது என்பதை அப்பெயரை இட்டவர் ஒரு நொடியேனும் எண்ணிப் பார்த்திருப்பாரா? வீராணத்து ஏரி பத்தாம் நூற்றாண்டில் முதற் பராந்தகன் காலத்தில் வெட்டப்பெற்றது. தென்னாட்டின் முதல் தொடர்வண்டி 1856ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாசா சாலை வரை ஓடியது. இடைப்பட்ட காலம் ஒன்பது நூற்றாண்டு. பின்னால் வந்தது, முன்னரே இருந்ததைக் குறுக்கே மறித்துக் கிடந்துகொண்டு, 'நீ என்னைத் தாக்குகிறாய்' என்று ஏட்டில் எழுதி வைக்கின்றது. வீட்டு நடையில் வந்து படுத்த விருந்தாளி, வீட்டுக்காரன் தன்னை இடறிவிட்டான் என்று ஊர்மன்றில் முறையிட்டதை ஒக்கும் இது.

பெயர்தானே, போகட்டும் என்பார் உளர். போகட்டும் என்று விடுவதற்கில்லை. ஏரியைத் தாக்குவோன் என்று எழுதிய கை, பாதையைத் தாக்குண்டோன் என்று எழுதிவிட்டது. அன்று தொடங்கிக் கண்காணிப்பு ஏரியின்மேல் வைக்கப்பட்டது. பாதையின் அடியில் உள்ள கண் போதுமா, அதன் தரைமட்டம் வாய்க்காலோடு ஒத்துள்ளதா, அதனால் எந்த ஊரின் வயல் மூழ்குகிறது, எந்த ஊரின் ஏரி காய்கிறது என்று வினவும் இணைப் பதிவேடு ஒன்று நம் அரசிடத்தில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இக்கட்டுரை அவ்விணைப் பதிவேட்டைக் கேட்பதற்காகவே எழுதப்படுகின்றது.

தமிழ்நாட்டின் நில அமைப்பை ஒருமுறை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். மேற்கே மலை, கிழக்கே கடல். பெரும்பகுதி நிலம் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிச் சாய்ந்து கிடக்கின்றது. ஆறுகளும் ஓடைகளும் அச்சாய்வின் வழியே போகின்றன. அச்சாய்வில், படிக்கட்டுகளைப் போல, ஒன்றன்கீழ் ஒன்றாக ஏரிகளை அமைத்தனர் நம் முன்னோர். ஏறத்தாழ 39,000 ஏரி குளங்கள் இந்நாட்டில் உள்ளன. அவற்றிற் பெரும்பாலன தனித்து நிற்பன அல்ல; சங்கிலியாகக் கோக்கப்பெற்றவை. மேலேரி நிறைந்தால் கலிங்கு வழியே மிகுநீர் வழிந்து, வாய்க்காலில் இறங்கி, கீழேரிக்குப் போய்ச் சேரும். ஓர் ஊரின் மிகுநீரே அடுத்த ஊரின் வருநீர்.

பாதைகளோ பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே போகின்றன. சென்னையிலிருந்து குமரிவரை செல்லும் இருப்புப்பாதையும் நெடுஞ்சாலையும் இச்சாய்வைக் குறுக்கே அறுத்துக்கொண்டு செல்வன. வண்டி மேடு பள்ளமின்றி ஓட வேண்டும். ஆகவே மண்ணைக் கொட்டி மேடு எழுப்பி அதன்மேல் பாதை போடுகின்றனர். அம்மேடு, எவரும் கரை என்று பெயரிடாவிட்டாலும், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் ஏரிக்கரையே. கலிங்கில்லாத ஏரிக்கரை! வாய்க்கால் அதனைச் சந்திக்கும் இடந்தோறும் ஒரு கண் திறந்து விட்டாலொழிய நீருக்குப் போக்கிடம் இல்லை.

அக்கண்ணைத்தான் ஆங்கிலத்தில் 'கல்வெர்ட்' என்கின்றனர். நம் சாலைப் பொறியாளர் வழக்கில் ஆறு மீட்டர் நீளம் வரையில் அது 'சிறுபாலம்'. சில ஊர்களில் 'கல்வெட்டு' என்றே மாற்றி வழங்கக் கேட்டிருக்கிறேன். அரசன் கல்லில் வெட்டிவைத்த ஆணை, ஓசை ஒப்புமையால் சாலையோரச் சாக்கடையாகி விட்டது! ஊர்மக்களோ 'மூன்று கண் பாலம்', 'குழாய்ப் பாலம்' என்று கண்ணால் கண்டவாறே பெயர் வைத்துள்ளனர். ஈழத்தமிழர் இன்றும் சாலைக்கு அடியில் உள்ள இந்நீர்வழியை 'மதகு' என்றே தயக்கமின்றிச் சொல்கின்றனர். இங்கு நாம் அச்சொல்லை ஏரிக்கரைக்கு மட்டும் உரியதாக்கிக் கொண்டோம். இதற்கும் பழமையான 'சுருங்கை' என்னும் சொல்லும் நமக்கு உண்டு. பரிபாடலும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் அதனை ஆண்டுள்ளன. அது கிரேக்கச் சொல்லோடு உறவுடையது என்று வழக்கிடுவாரும் உளர். அவ்வழக்கை ஈண்டு எடுத்துக்கொள்ளவில்லை. சிலப்பதிகாரத்து மதுரையில் யானைத்திரள் புகுந்து செல்லும் அளவிற்குச் சுருங்கை அகன்றிருந்தது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இன்றைய கண்ணின் அளவைச் சற்றுப் பின்னர்ச் சொல்கின்றேன்.

கண் குறைந்தால் என்ன நேரும்? மேற்புறத்தில் நீர் தேங்கி உயரும். உயர்ந்த நீர் ஒடுங்கிய கண்ணில் புகுந்து வெளிப்படும்போது இயல்பினும் பன்மடங்கு விரைவு கொள்ளும். மறுபுறத்து மண்ணைக் குடைந்து பள்ளமாக்கும். பள்ளம் பின்னோக்கி வளர்ந்து பாதையின் அடியையே தோண்டும். நீர் மேலும் உயர்ந்தால் மேட்டின்மேல் ஏறி வழியும். அப்போது தண்டவாளத்தைத் தாங்கும் கருங்கற்சல்லி அடித்துச் செல்லப்பட, தண்டவாளம் கொடிக்கயிறு போல வெட்டவெளியில் தொங்கும்.

இது ஒரு தீங்கு; கண்ணுக்குத் தெரியும் தீங்கு; செய்தித்தாள்களில் படமாக வரும் தீங்கு. இன்னொரு தீங்கு உண்டு. அதற்குப் படம் எடுப்பார் இல்லை. கண்ணின் தரைமட்டம் வாய்க்காலின் தரைமட்டத்தினும் ஓரடி உயர்ந்துவிட்டால் போதும். சிறுமழையில் வரும் நீர் அக்கண்ணைத் தாண்டவே தாண்டாது. மேற்புறம் சேறாகக் கிடக்கும்; கீழேரி வறண்டு கிடக்கும். பெருமழையில் மூழ்குவதும் சிறுமழையில் காய்வதும் ஆகிய இரண்டும் ஒரே கண்ணின் பிழையால் ஒரே ஊரில் நேர்கின்றன. வெள்ளத்திற்கு ஓர் அலுவலகமும் வறட்சிக்கு மற்றோர் அலுவலகமும் வைத்துள்ள அரசுக்கு இவ்விரண்டும் ஒரே கரணியத்தின் இரண்டு முகங்கள் என்பது தென்படுவதில்லை.

எம் ஊர்ச் செய்தியைச் சொல்கின்றேன். ஊருக்கு மேற்கே நெடுஞ்சாலை போகின்றது. என் சிறு அகவையில் அங்கு ஒரு மூன்று கண் பாலம் இருந்தது. ஒவ்வொரு கண்ணும் ஐந்தடி அகலம், நான்கடி உயரம். மேலே பலகைக் கற்கள். கோடையில் ஆடு மேய்ப்போர் அதன் நிழலில் கட்டுச்சோறு அவிழ்ப்பர். ஐப்பசியில் அதன் வழியே சிவந்த நீர் பாய்ந்து எம் ஏரியை நிரப்பும். கைப்பிடிச் சுவரில் வெள்ளையடித்துக் கருப்பில் எண் எழுதியிருந்தது.

சாலையை நான்கு வழியாக அகலப்படுத்தினர். பழைய கற்களைப் பெயர்த்தெடுத்துவிட்டு, மூன்றடி விட்டமுள்ள கற்காரைக் குழாய்கள் இரண்டைப் புதைத்தனர். கணக்கு எளிது. முன்பு நீர் போன வழி அறுபது சதுர அடி. இப்போது பதினான்கு சதுர அடி. நான்கில் ஒரு பங்குகூட இல்லை. அத்துடன் குழாய்களைப் புதைத்த மட்டமோ வாய்க்காலின் அடியினும் உயர்வு. அடுத்து வந்த பெருமழையில் மேற்கே நெல்வயல்களில் பதினொரு நாள் நீர் நின்றது, கதிர் அழுகியது. கிழக்கே எம் ஏரியோ அவ்வாண்டு பாதியும் நிறையவில்லை. சாலைக்கு இப்புறம் ஒருவன் மழை மிகுந்ததென்று அழுதான். அப்புறம் ஒருவன் மழை போதவில்லையென்று அழுதான். பெய்ததோ ஒரே மழை.

ஊரார் கூடி ஒரு முறையீடு எழுதினோம். ஓராண்டிற்குப் பின் மறுமொழி வந்தது, ஆங்கிலத்தில் வந்தது. விதிகளின்படியே வடிவமைக்கப்பட்டுள்ளது என்பது அதன் சாரம். எம் ஊரில் நீர்க்கட்டியாக இருந்த முதியவர் ஒருவரிடம் அதனைத் தமிழில் படித்துச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "மூணு கண்ணையும் பிடுங்கிப்புட்டு ரெண்டு மூக்கோட்டைய வச்சிருக்காங்க தம்பி, மூச்சு விடத்தான் ஆகும்" என்றார். அலுவலகத்தின் இரண்டு பக்க மறுமொழியைவிட அவ்வொரு வரியில் நீரியல் மிகுதி.

விதி என்கிறார்களே, அது என்ன விதி என்று தேடிப் பார்த்தேன். சிறிய நீர்வழிகளுக்கு வெள்ளத்தை மதிப்பிடப் பல முறைகள் உள்ளன. நம் பகுதியில் நெடுங்காலமாக வழங்குவது, 1884இல் இரைவு என்னும் ஆங்கிலப் பொறியாளர் சென்னை மாகாணத்தை ஒட்டி வகுத்த வாய்பாடு. நீர் வடிந்து வரும் நிலப்பரப்பைச் சதுரக் கிலோமீட்டரில் எடுத்துக்கொண்டு, அதனை மூன்றில் இரண்டு என்னும் அடுக்கிற்கு உயர்த்தி, ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். கீழைக் கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் அவ்வெண் 6.8, 80 முதல் 160 வரை 8.5, மலையடிவாரச் சிறு பரப்புகளுக்கு ஏறத்தாழ 10. வந்த விடையே நொடிக்கு எத்தனை கன மீட்டர் நீர் வரும் என்பது. கடலோரத்தில் 10 சதுரக் கிலோமீட்டர் பரப்பு என்று கொண்டால் விடை ஏறத்தாழ 32.

அவ்வாய்பாட்டில் பரப்பு உண்டு, எண் உண்டு. மழை எங்கே? அவ்வெண்ணுக்குள்ளேயே ஒடுங்கிக் கிடக்கின்றது. அதுவும் அவர் காலத்து மழை.

2023 திசம்பர் 17, 18ஆம் நாள்களில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செண்டிமீட்டர். திருவைகுண்டத்தில் 62. அந்த 62ஐ மேற்சொன்ன 10 சதுரக் கிலோமீட்டர் பரப்பின்மேல் ஒரு பேச்சுக்கு வைத்துப் பாருங்கள். 62 இலக்கம் கன மீட்டர் நீர். ஒரு நாள் முழுதும் ஒரே சீராக வடிந்தால்கூட நொடிக்கு 72 கன மீட்டர். வாய்பாடு சொன்னதைப் போல் இரு மடங்கிற்கு மேல். மண் சிறிது உறிஞ்சும், ஏரி சிறிது தாங்கும் என்பது உண்மையே. ஆனால் மழை ஒரே சீராகப் பெய்வதில்லை என்பதும் உண்மை. பெரிய பாலங்களுக்கு இன்று வேறு கணிப்பு முறைகள் கையாளப்படுகின்றன. ஊர்ப்புறத்துச் சிறுகண்ணுக்கு அம்முயற்சியை எவர் எடுத்துக்கொள்கின்றனர்?

அந்த இரவில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட வண்டி திருவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 800 பேர் அதில் இருந்தனர். செய்துங்கநல்லூர்ப் பக்கத்தில் பாதையின் அடிமண்ணும் சல்லியும் அடித்துச் செல்லப்பட்டுத் தண்டவாளம் தொங்கிக்கொண்டிருந்தது. வண்டியை மேலே விடாமல் நிறுத்தி வைத்த நிலையத்தாரின் அறிவு அத்தனை உயிர்களையும் காத்தது. சாலையும் துண்டிக்கப்பட்டதால் வானூர்தி வழியே உணவு போட வேண்டியதாயிற்று. 1923இல் திறக்கப்பெற்ற தடம் அது. நூறாண்டு நின்ற மேடு ஓரிரவில் கரைந்தது. அதற்கு அடுத்த ஆண்டே, பெங்கல் புயலில், மயிலத்தில் ஏறத்தாழ 50 செண்டிமீட்டர் மழை கொட்டியது. 2024 திசம்பர் 2ஆம் நாள் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையே பாலத்தில் நீர் இடர்க்குறியைத் தாண்டவே, சென்னைக்கும் தெற்கிற்கும் இடையிலான வண்டிகள் நின்றன. அரசூர்ப் பக்கம் நெடுஞ்சாலையும் வெள்ளத்தில் அறுபட்டது.

எல்லா நாளும் நிலையத்தார் அறிவு முந்திக்கொள்வதில்லை. 1956 நவம்பர் 23ஆம் நாள் விடியற்காலையில் அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாதை தகர்ந்து கிடந்ததை அறியாமல் தூத்துக்குடி விரைவு வண்டி போய் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு செப்டம்பரில் மகபூப்நகர் அருகிலும் பாலம் சரிந்து இவ்வாறே நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்திருந்தனர். அரியலூர் நேர்ச்சிக்குப் பின் தொடர்வண்டி அமைச்சர் இலால் பகதூர் சாத்திரி பதவி விலகினார். அவர் விலகியதை இன்றும் மேடைதோறும் புகழ்கின்றனர், புகழத்தக்கதே. ஆனால் அமைச்சரின் பெருந்தன்மையைப் பேசுகின்ற வாய்களில் ஒன்றேனும் மருதையாற்றின் நீர்வழியைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

இவ்விடத்தில் இருப்புப்பாதைத் துறையினர் ஒன்று சொல்வர்: "மேலே இருக்கும் ஏரி உடைந்தால் எந்தக் கண்ணும் தாங்காது, அதனால்தான் ஏரிகளைப் பதிவேட்டில் எழுதி வைத்துள்ளோம்." மெய்தான். ஏரி உடைந்தால் ஒருநாள் நீர் ஒரு நாழிகையில் வரும். ஆயினும் ஏரி ஏன் உடைகின்றது? கரையைப் பேணாத குற்றம் நம் அரசினுடையது, அதனை மறைக்கவில்லை. கலிங்கிலிருந்து இறங்கிய மிகுநீர் கீழே பாதை மேட்டில் முட்டிப் போக்கிடமின்றிப் பின்வாங்கி ஏரிக்கே ஏறி வருவதும் உண்டு. அப்போது ஏரி தன் கொள்ளளவிற்கு மேல் தாங்க நேர்ந்து கரை உடைகின்றது. உடைந்த நீர் பாதையைப் பெயர்க்கின்றது. உடனே ஏரியின் பெயர் பதிவேட்டில் ஏறுகின்றது! மூச்சை அடைத்தவன், மூச்சுத் திணறியவன் கைகாலை உதைத்ததற்கு வழக்கு எழுதுவது போன்றது இது.

நாம் மட்டும் இப்படிச் சொல்கின்றோம் என்று எண்ணவேண்டா. வங்காளத்தின் பொதுநலத்துறை இயக்குநராக இருந்த பெண்ட்லி என்னும் வெள்ளையர், 1925இல் வெளியிட்ட தம் நூலில், சாலை மேடுகளும் இருப்புப்பாதை மேடுகளும் கங்கைச் சமவெளியின் வெள்ளநீரை மறித்ததால் நிலம் வளங்குன்றியது, மலேரியா என்னும் முறைக்காய்ச்சல் பெருகியது என்று காட்டினார். எகிப்து நாட்டில் நீர்ப்பணிகள் ஆற்றிப் புகழ்பெற்ற வில்லியம் வில்காக்சு 1930இல் கல்கத்தாவில் ஆற்றிய பொழிவுகளிலும் அதே குற்றச்சாட்டை இன்னும் கடுமையாக எடுத்துரைத்தார். ஆளும் இனத்தவரான அவர்களே சொல்லிய உண்மையை, ஆளப்பட்ட நாம் விடுதலைக்குப் பின்னும் பாடமாகக் கொள்ளவில்லை.

இனிச் சட்டத்திற்கு வருகின்றேன். இதுவே நான் சொல்ல வந்தவற்றுள் முகன்மையானது; சற்றுப் பொறுமையோடு படிக்க வேண்டுகின்றேன்.

1890இல் வெள்ளையர் இயற்றிய தொடர்வண்டிச் சட்டத்திலும், அதற்கு மாற்றாக 1989இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் 16ஆம் பிரிவிலும் ஒரு கடமை விதிக்கப்பட்டுள்ளது. பாதை போடுவோர், அதன் அடியிலும் ஓரத்திலும் வேண்டிய கண்களையும் வடிகால்களையும் வாய்க்கால்களையும் அமைத்துத் தரவேண்டும். எவ்வளவு பெரியனவாக? பாதை வருமுன் நீர் எவ்வளவு தடையின்றிப் போயிற்றோ அவ்வளவு தடையின்றி, அல்லது இயன்றவரை அதற்கு நெருங்கிய அளவில், எக்காலத்தும் போகுமாறு. அவ்வளவு போதுமா என்பதை முடிவு செய்வது யார் கருத்து? தொடர்வண்டித் துறையின் கருத்தன்று, தில்லியின் கருத்தன்று. மாநில அரசின் கருத்து. சட்டத்தின் எழுத்திலேயே அவ்வாறு உள்ளது.

தமிழ்நாட்டு அரசியலில் மாநில உரிமை என்று முழங்காத மேடை இல்லை. இல்லாத உரிமைகளைக் கேட்டுப் போராடுவது வேண்டும். அதில் நாம் எவர்க்கும் பின்னிற்பவர் அல்லர். ஆனால் எழுத்தில் இருக்கும் உரிமையை எடுத்து ஆளாமல் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, இல்லாததற்கு மட்டும் முழங்குவது என்ன முறை? எந்தக் கண் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை கோட்டையில் இருக்கின்றது. அதைச் சொல்வதற்கு முன் அளந்திருக்க வேண்டும். அளப்பதற்கு ஆள் அனுப்பியிருக்க வேண்டும்.

அதே பிரிவில் ஒரு பொறியும் உண்டு. தடம் திறக்கப்பெற்றுப் பத்தாண்டுகள் கழிந்துவிட்டால், நிலத்தாரின் பயனுக்காக மேற்கொண்டு கண்களைத் திறந்து தரத் தொடர்வண்டித் துறை கடமைப்பட்டதன்று. அதற்கு மேலும் வேண்டுமாயின், நில உரிமையாளரோ மாநில அரசோ உள்ளாட்சியோ தம் சொந்தச் செலவில் கேட்டுப் பெறலாம் என்கின்றது அடுத்த பிரிவு. 1923இல் திறந்த தடத்திற்கு அப்பத்தாண்டு 1933லேயே முடிந்தது. அன்று பிறவாதவர்கள் இன்று தம் வயல் மூழ்குவதற்குத் தாமே பணம் கட்டிக் கண் திறந்துகொள்ள வேண்டும்! மேலே கட்டடங்கள் பெருகி நீர் ஊறும் நிலம் குறைந்துவிட்டது. மழையின் போக்கே மாறிவிட்டது. பத்தாண்டு என்னும் அவ்வெல்லை மட்டும் வெள்ளையன் காலத்திலிருந்து மாறவில்லை.

ஆகவே காலம் எது என்பதை உணர வேண்டும். பழைய தடங்களுக்குப் பத்தாண்டு முடிந்திருக்கலாம். புதுத் தடங்கள் போடப்படுகின்றன. ஒற்றைத் தடங்கள் இரட்டையாக்கப்படுகின்றன. சாலைகள் நான்கும் ஆறும் ஆகின்றன. ஒவ்வொரு முறை மேடு அகலும்போதும் பழைய கண்ணோடு புதிய கண் ஒட்டவைக்கப்படுகின்றது. பழைய கண்ணின் அளவு பிழையென்றால் பிழையும் நீள்கின்றது, அவ்வளவே. மண்ணைக் கொட்டுமுன் கேட்பது எளிது. கொட்டியபின் கேட்பவன் நீதிமன்றப் படிக்கட்டில் முதுமை எய்துவான்.

தமிழக அரசு செய்யவேண்டியது பெருஞ்செலவுப் பணியன்று. நீர்வளத் துறையிடம் ஏரிகளின் வரைபடம் உள்ளது. வருவாய்த் துறையிடம் வாய்க்கால்களின் புல எண் உள்ளது. நெடுஞ்சாலைத் துறையிடம் சிறுபாலங்களின் பட்டியல் உள்ளது. இம்மூன்றும் ஒரே மேசைமேல் ஒருநாளும் விரிக்கப்பட்டதில்லை. விரித்து, ஒவ்வோர் ஏரிச் சங்கிலியையும் பாதைகள் எங்கெங்கு அறுக்கின்றன, அவ்விடத்துக் கண்ணின் அகலம் என்ன, உயரம் என்ன, தரைமட்டம் என்ன என்று எழுதி, 'ஏரிகளைத் தாக்கும் பாதைகள்' என்று பெயரிட்டு ஒரு பதிவேடு தொடங்கட்டும். ஆண்டுதோறும் இருப்புப்பாதைப் பொறியாளர் நம் ஏரிகளைப் பார்வையிட வரும்போது, நம் பொறியாளரும் கையில் இப்பதிவேட்டோடு சென்று அவர்தம் கண்களைப் பார்வையிடட்டும். ஒரே பயணத்தில் இரண்டு பணியும் முடியும். வண்டியில் செல்வோரின் உயிரும் வயலில் நிற்பவனின் பயிரும் ஒரே கண்ணைத்தான் நம்பியுள்ளன. ஒன்றைக் காக்க மற்றொன்றை விடவேண்டியதில்லை.

இன்னொரு சிறு வேண்டுகை. சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரில் எண் மட்டும் எழுதுகின்றனர். அவ்வெண்ணுக்குக் கீழே, இன்ன ஏரியிலிருந்து இன்ன ஏரிக்கு என்று தமிழில் இரண்டு சொல் எழுதுவதற்கு எத்தனை பணம் ஆகும்? பெயர் எழுதியிருந்தால், அதனை அடைப்பவன் எந்த ஊரின் வாயை அடைக்கின்றான் என்று அவனுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். பெயரற்ற பள்ளத்தில்தான் குப்பை கொட்டுகின்றனர். கட்டட இடிபாட்டைத் தள்ளுகின்றனர். கடைக்காரர் படிக்கட்டுக்காகக் கல் போட்டு மூடுகின்றனர்.

அரசு தொடங்கும்வரை காத்திருக்க வேண்டுமென்பதும் இல்லை. எம் ஊர் இளைஞர்கள் சென்ற ஆவணியில் ஓர் அளவுநாடாவும் ஒரு குறிப்பேடும் எடுத்துக்கொண்டு இரண்டு நாள் நடந்தார்கள். ஏரிக்கு வரும் வாய்க்காலையும் ஏரியிலிருந்து போகும் வாய்க்காலையும் பிடித்துக்கொண்டு, சாலையும் இருப்புப்பாதையும் அவற்றை எங்கெங்கு குறுக்கிடுகின்றனவோ அங்கெல்லாம் நின்று அளந்தார்கள். பதினொரு கண்கள். நான்கில் நீர் போக வழியே இல்லை. ஒன்றில் முழுதும் வெங்காயத்தாமரை. ஒன்று இருந்த இடமே தெரியவில்லை, முதியவர் வந்து காட்டினார். அப்பட்டியலைத் தமிழில் எழுதி, அகுதோபர் 2ஆம் நாள் ஊர்ப்பேரவைக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானமாக நிறைவேற்றினோம். தீர்மானத்தின் தலைப்பு 'எம் ஏரியைத் தாக்கும் பாதைகள்'. கூட்டத்திற்கு வந்திருந்த அலுவலர் அத்தலைப்பை இருமுறை படித்துவிட்டு, பிழையாக மாற்றி எழுதிவிட்டீர்களா என்று கேட்டார். பிழையில்லை, அப்படியே பதியுங்கள் என்றோம். பதிந்துகொண்டார்.